பதினைந்து முடிந்த வண்டி

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. இது பிறவிக் குணமா, இன்சூரன்ஸ் கம்பெனியில் மோட்டார் க்ளெய்ம் பிரிவில் இத்தனை வருடம் உட்கார்ந்ததால் ஒட்டிக்கொண்டதா தெரியவில்லை. நிறுத்தி வைத்திருந்த வண்டியை எவனோ இடித்துவிட்டுப் போய்விட்டான் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், நான் முதலில் கதையைப் படிக்க மாட்டேன். கீறலின் போட்டோவைத்தான் பார்ப்பேன். நிற்கிற வண்டியில் விழுகிற அடி வேறு, ஓடுகிற வண்டி தானாகப் போய் உரசிக்கொண்ட கோடு வேறு. வீட்டிலும் இதே புத்திதான். கரியாஹாட் சந்தையில் என்னைக் கண்டதும் மீன்காரர் தானாகவே தராசை என் பக்கம் திருப்பி வைப்பார். தூங்கும்போதுகூட நான் ஒரு கண்ணைத் திறந்துதான் வைத்திருப்பேன் என்று என் கணவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவளின் கண்ணில்தான் அப்பாவின் வண்டியில் இருந்த அந்தக் கோடு பட்டது. இடது பக்கம், முன்கதவில் ஆரம்பித்துப் பின்கதவு வரைக்கும் நீளமாக இழுபட்டிருந்தது.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காகக் கல்கத்தா வந்து, ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்ப மனமில்லாமல் பவானிபூரிலேயே தங்கிவிட்டார். ஓய்வு பெற்ற கையோடு அந்தச் சின்ன வெள்ளைக் காரை வாங்கினார். அதுவரை அலுவலக ஜீப்பில் பின்னால் உட்கார்ந்து போனவர், அறுபது வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் ஆளே மாறிவிட்டார். நான் கல்யாணமாகி ஜாதவ்பூரில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவும் அவரும் கரியாஹாட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு, அப்படியே எங்கள் வீட்டுக்கு வருவார்கள். இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவார்கள்.

அப்பா ஓட்டுவார், அம்மா பேசுவாள். எங்கள் குடும்பத்தில் இது தீராத கேலி. "செவப்பு. செவப்புதான் இருக்கு. பச்ச விழுந்துட்டு, போங்க. எடது பக்கம் ரிக்‌ஷா. மெல்ல, பஸ்ஸு ஒடிக்கான்." வீட்டு வாசலில் ஆரம்பித்தால் எங்கள் வாசல் வரைக்கும் ஓயாது. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத அம்மா, ஓட்டுகிறவருக்குப் பாடம் எடுக்கிறாள் என்று நாங்கள் சிரிப்போம். அப்பா மட்டும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல மாட்டார். வயதாக ஆக அவருக்குப் பொறுமை வந்துவிட்டது என்று நான்கூட மெச்சிக்கொண்டதுண்டு.

கோட்டைப் பற்றிக் கேட்டேன்.

"மார்க்கெட்ல நிப்பாட்டியிருந்தேன். ஆட்டோக்காரன் ஒரசிட்டுப் போயிட்டான்" என்றார் அப்பா.

"ஆமா, ஆட்டோதான். நான் பாத்தேன்" என்றாள் அம்மா. கேள்வி அவளிடம் போகவே இல்லை, அதற்குள் பதில் வந்துவிட்டது.

எனக்கு மூக்கில் வியர்த்தது. ஆட்டோ உரசினால் இப்படி இழுபடாது. கோடு முன்னிருந்து பின்னுக்குப் போயிருந்தது, ஓடிக்கொண்டிருந்த வண்டி இது. நான் அதோடு விடவில்லை. இடது பக்கக் கண்ணாடி புதிதாக இருந்தது. முன் பம்பரின் ஓரத்தில், அவசரமாக அடித்த பெயின்ட் கொஞ்சம் மஞ்சளடித்துத் தெரிந்தது. பிரேக் பிடிக்கவில்லை, அதை என்னிடம் மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். வண்டிக்கு வயதாகிவிட்டது. அதை ஒப்புக்கொண்டால் நான் ஓட்ட விடமாட்டேன் என்று அப்பாவுக்குத் தெரியும்.

அவர்கள் வழக்கமாக விடும் மெக்கானிக்கிடம் போய்க் கேட்டேன். பிரேக் புத்தம் புதுசு, அப்பா வண்டியைப் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறார் என்றார். எனக்குச் சந்தேகம் கூடியது. இத்தனை வருடமாகப் பழுது பார்த்த வண்டியைப் பற்றி எந்த மெக்கானிக் மோசமாகச் சொல்வார்?

அந்தச் சமயத்தில்தான் வண்டிக்குப் பதினைந்து வருடம் முடியப் போகிறது, அரசாங்கத் தகுதிச் சோதனைக்குக் காட்டியாக வேண்டும் என்பது கணக்கில் வந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. வீட்டு ஆளும் இல்லாமல், மெக்கானிக்கும் இல்லாமல், கடைசியில் ஒரு வெளி மனிதர் அந்த வண்டியைப் பார்க்கப் போகிறார்.

இந்தச் சட்டத்தை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வரும். டாக்ஸி, பஸ், லாரி என்றால் எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தகுதிச் சோதனை. எட்டைத் தாண்டினால் வருடா வருடம். இந்த நகரத்தில் பதினைந்து முடிந்தால் சாலையை விட்டே போய்விட வேண்டும். மஞ்சள் டாக்ஸிகள் கண் முன்னாலேயே குறைந்துகொண்டு வருவது அதனால்தான். சொந்தக் கார் என்றால் கதையே வேறு. வாங்கின நாளிலிருந்து பதினைந்து வருடம் வரைக்கும், புகைச் சோதனை தவிர, ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. பதினைந்தில் ஒரு நாள் கொண்டுபோய்க் காட்டினால் போதும், ஐந்து வருடம் தள்ளிக் கொடுத்துவிடுவார்கள். வாடகை வண்டிக்காரன் ஏமாற்றுவான், சொந்தக்காரன் யோக்கியன் என்று யார் முடிவு செய்தார்கள்? என் மேஜைக்கு வருகிற பொய்களில் பாதிக்கு மேல் சொந்தக் கார்க்காரர்களுடையவை.

ஆளுக்கும் அதே கதைதான். வயதானால் லைசென்ஸையும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை டாக்டர் சான்றிதழோடு புதுப்பிக்க வேண்டும். அப்பா அதைப் போன வருடமே முடித்திருந்தார். கையெழுத்துப் போட்ட டாக்டர் தினமும் காலையில் அவரோடு வாக்கிங் போகிறவர். அந்தக் கையெழுத்தை நான் எவ்வளவு நம்பினேன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அப்போதும் என் சந்தேகமெல்லாம் ரத்த அழுத்தம், சர்க்கரை என்றுதான் ஓடியது.

வண்டி தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வெளிப்படையாகவே சொன்னேன்.

"வண்டி ஃபெயிலானா வித்துடணும்ப்பா. அப்புறம் டாக்ஸிதான்."

"பாஸானா?" என்றார்.

"பாஸானா நான் வாய தொறக்க மாட்டேன்."

"எழுதிக் குடுக்கியா?" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

சோதனை நாளன்று லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே பவானிபூர் போனேன். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், பரீட்சைக்குப் போகிறவர் போல நின்றார். அம்மாவும் புடவை மாற்றிக்கொண்டு, ஃப்ளாஸ்க்கைக் கையில் வைத்திருந்தாள். எனக்கு அதுவே உறுத்தியது. பாங்குக்குக் கூப்பிட்டால்கூட முட்டி வலி என்று சொல்லி நகராதவள் அவள்.

"ஆஃபீஸுக்கு நீ எதுக்கும்மா? வெயில்ல நிக்கணும்."

"நான் வண்டிக்குள்ளதான இருக்கப் போறேன்" என்று முன்சீட்டில் ஏறிவிட்டாள்.

நான் பின்னால் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன். ஒவ்வொரு முறை பிரேக் மிதிக்கும்போதும் சத்தம் வருகிறதா, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனித்தேன். ஒன்றும் இல்லை. அம்மா வழக்கம்போல் செவப்பு, பச்சை, எடது பக்கம் ஆளு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் அதைக் காதில் வாங்கவே இல்லை.

மோட்டார் வாகன அலுவலகத்து வாசலில் ஒரு புரோக்கர் ஜன்னலுக்குள் தலையை விட்டார். வண்டி உள்ளே போகவே வேண்டாம், சி.எஃப். வீடு தேடி வந்துவிடும் என்றார். ஊர்ப் பக்கம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றிதழை இங்கே சி.எஃப். என்பார்கள். அப்பா யோசிப்பது போல் தெரிந்ததும், "வண்டி உள்ளதான் போகும்" என்று நான் ஹிந்தியில் சொன்ன தொனியில் அந்த ஆள் அடுத்த காருக்கு நகர்ந்துவிட்டார்.

உள்ளே பள்ளிக்கூட வேன்களும் பழைய டாக்ஸிகளும் வரிசையாக நின்றன. முன்னால் நின்ற வேனின் டயர்கள் மட்டும் பளபளவென்று இருந்தன, மற்றதெல்லாம் துரு. இன்றைக்கு மட்டும் இரவல் வாங்கி மாட்டிய டயர் என்று எனக்குப் பட்டது. இன்ஸ்பெக்டரும் அதையே நினைத்தார் போல, டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு டிரைவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்தது. இவர் ஏமாற மாட்டார் என்று தெம்பு வந்தது.

எங்கள் முறை வந்தது. சேஸிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார்கள். ஹெட்லைட், இன்டிகேட்டர், வைப்பர், ஹார்ன் எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் குனிந்து அடியில் டார்ச் அடித்தார். நானும் அவர் பின்னாலேயே குனிந்தேன். எதிலும் குறை இல்லை. மிச்சம் பிரேக்தான்.

மைதானத்தின் ஓரமாகச் சுவரை ஒட்டி ஒரு நீண்ட பாதை இருந்தது. இன்ஸ்பெக்டர் அதன் மறு கோடியில் போய் நிற்பார். கையை உயர்த்திப் பிடித்திருப்பார். வண்டி வேகமாக வர வேண்டும், அவர் கையை இறக்கியதும் பிரேக் அடிக்க வேண்டும். உள்ளே ஓட்டுகிறவர் மட்டும்தான் இருக்க வேண்டும்.

"மாஷிமா, நாமுன்" என்று வங்காள மொழியில், பெரியம்மா முறை வைத்து, அம்மாவை இறங்கச் சொன்னார்.

"முட்டி வலி, நான் இப்படியே இருந்துக்கிடுதேன்" என்று அம்மா தமிழில் என்னிடம் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன். விதி அப்படி, என்ன செய்ய என்றார் அவர்.

அம்மா இறங்கினாள். முகம் வெளிறிப்போயிருந்தது. ஆக பிரேக் இல்லை, அது இவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தோன்றியது. குட்டு வெளிப்படப் போகிறது என்ற நிம்மதியும், அப்பா சுவரில் போய் மோதிவிடுவாரோ என்ற பயமும் ஒன்றாக வந்தன. அம்மா எனக்காக நிற்கவில்லை. முட்டி வலியை மறந்து, பாதையோரமாக இன்ஸ்பெக்டர் நின்ற பக்கம் வேகமாக நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

வண்டி வந்தது. நல்ல வேகம். இன்ஸ்பெக்டர் கையை இறக்கினார். வண்டி வந்துகொண்டே இருந்தது.

"நிப்பாட்டுங்க" என்று அம்மா அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரல் முடிவதற்குள் வண்டி ஆணி அடித்தது போல் நின்றுவிட்டது.

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாஷிமா வீணாகப் பயந்துவிட்டாரே, பிரேக் அருமையாக இருக்கிறது, இந்த வயது வண்டியில் இப்படிப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுக் காகிதத்தில் எழுதினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எது முன், எது பின் என்று பார்ப்பதுதான் நான் சம்பளம் வாங்குகிற வேலை. முதலில் கை இறங்கியது. பிறகு அம்மாவின் குரல். அதற்குப் பிறகுதான் பிரேக். வண்டி கைக்கு நிற்கவில்லை.

அப்பா வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு வந்து அம்மாவின் அருகில் நிறுத்தினார். நான் சுவரோரமாக நின்று அவருக்குக் கையை ஆட்டினேன். வெயில் பளீரென்று அடித்தது, நடுவில் ஒன்றும் மறைக்கவில்லை. அப்பா என் பக்கமாகப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டார்:

"அவ எங்க போயிட்டா?"

நான் ஆட்டிய கையை இறக்கினேன்.

கையெழுத்துப் போட அப்பாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். காம்பவுண்டு மரத்தடியில் அம்மா ஃப்ளாஸ்க்கைத் திறந்து எனக்குக் காபி ஊற்றினாள். நான் வாங்கவில்லை.

"எப்பலேர்ந்தும்மா?"

எது எப்போதிலிருந்து என்று அவள் கேட்கவில்லை. "போன துர்கா பூஜைக்கு முந்துன பூஜையிலருந்து. எடது கண்ணு சுத்தமா இல்ல. வலது கண்ணுல கிட்டக்க உள்ளது தெரியுது. தூரத்துல உள்ளது பனி மூடுன மாதிரி இருக்குன்னு சொன்னாவ."

"கண் டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனோம். நரம்பு பட்டுப்போச்சு, சொட்டு மருந்து போட்டா இருக்கது நிக்கும், போனது வராதுன்னுட்டாரு."

"என்கிட்ட சொல்லணும்னு தோணலியா?"

"சொன்னா நீ வண்டிய வாங்கி வச்சுக்கிடுவ."

எனக்குக் கோபம் வந்தது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன். மெக்கானிக்கை, ஆட்டோக்காரனை, டாக்டரை, சட்டத்தைக்கூட. வாரா வாரம் என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போன அம்மாவை மட்டும் ஒரு முறைகூடச் சந்தேகப்படவில்லை. ஞாயிறுதோறும் நாங்கள் கேலி செய்த அந்த வாயால்தான் கார் ஓடியிருக்கிறது.

"ஒரு குழந்த குறுக்க ஓடி வந்தா என்னம்மா பண்ணுவ?"

"நான் சொல்லுவேன்லா."

"அந்தக் கோடு விழுந்தப்ப சொன்னியா?"

அம்மா ஃப்ளாஸ்க்கின் மூடியைத் திருகினாள், மறுபடி திறந்தாள். "சைக்கிள்ல ஒரு ஆளு வந்தாரு. நான் கைப்பையில என் மூக்குக் கண்ணாடியத் தேடிக்கிட்டு இருந்துட்டேன். அவரு விழல. கால ஊணி நின்னுட்டாரு. திட்டிட்டுப் போனாரு."

"விழுந்திருந்தா?"

அவள் என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"கல்யாணமான நாள்லருந்து எங்க போகணும், எப்பப் போகணும், எந்த வழியாப் போகணும், எல்லாம் ஒங்கப்பாதான். கல்கத்தாவுக்கு வாறோம்ங்கதையே டிக்கெட் எடுத்த பெறவுதான் எங்கிட்ட சொன்னாவ. இந்த ரெண்டு வருசமாத்தான் நான் நில்லுங்கன்னா நிக்காவ, போங்கன்னா போறாவ. எனக்கு அது வேண்டியிருந்துட்டு, ஏட்டி."

நான் அப்பாவுக்காக அவள் மறைத்தாள் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனாலும் கோபம் போகவில்லை. அந்தச் சைக்கிள்காரர் கண்ணுக்குள்ளேயே நின்றார். காபியை வாங்கி ஒரே மடக்கில் குடித்தேன்.

அப்பா காகிதத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வந்த பாதையை மனதில் குறித்து வைத்திருப்பார் போல, நேராக வண்டிக்கே வந்தார்.

"அஞ்சு வருசம் குடுத்துட்டான். இனி எண்பதுலதான் வரணும்."

"சாவிய குடுங்கப்பா. நான் ஓட்டறேன்."

"எதுக்கு? வண்டி பாஸு. லைசென்ஸு இருக்கு. பாஸானா வாயத் தொறக்க மாட்டேன்னு யாரு சொன்னா?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. காகிதப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் உங்களுக்குக் கண் தெரியாது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அப்பா ஏறி எஞ்சினைக் கிளப்பினார். சாய்ந்து, அம்மாவுக்காக இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஏறு" என்றார்.

"நான் வரல. ஆட்டோல வாறேன்."

"முட்டிய வச்சுக்கிட்டு ஆட்டோல எப்படி ஏறுவ? வா."

"நான் ஏற மாட்டேன். நீங்க போறதுன்னா போங்க."

அம்மா அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. பின்னால் நின்ற வேன் ஹார்ன் அடித்தது. காவலாளி கையைக் காட்டி வண்டியை எடுக்கச் சொன்னார். கேட்டுக்கு வெளியே பஸ்ஸும் டாக்ஸியுமாகச் சாலை ஓடிக்கொண்டிருந்தது. அப்பா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்திருந்தார். எஞ்சின் ஓடியது, வண்டி நகரவில்லை.

பிறகு எஞ்சினை அணைத்தார்.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"அவளே பாத்துட்டா" என்றாள் அம்மா.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலை என்றிருந்திருக்கும். கதவின் விளிம்பைத் தடவிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவர் அப்படித் தடவி இறங்குவதை இத்தனை நாள் நான் வயோதிகம் என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் நின்றது அவருடைய இடது பக்கம். அவர் கை நீட்டிய இடத்தில் யாரும் இல்லை. நான் நகர்ந்து அந்த இடத்துக்குப் போய் வாங்கிக்கொண்டேன்.